பதினேழாம் பயணத்தின் வெள்ளி

செலஸ்டினா மோத்தாவிடம் முப்பத்தொரு வெள்ளிப் பதக்கங்கள் இருந்தன. ககனவழி நிறுவனத்தின் நிலவேணிக் கப்பல் நிலவுக்குப் போய்வந்த முப்பத்தொரு பயணங்களுக்கும் ஒவ்வொன்று. அந்த வரிசையை முழுதாக வைத்திருந்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி நடத்தும் ஒரு பெண்ணிடம் அது இருக்கிறது என்பதை நம்புவதற்கே ஒசாகாவிலும் ஜெனீவாவிலும் இருந்த சேகரிப்பாளர்களுக்குச் சில வருடங்கள் பிடித்தன. அவர்களில் ஒருவர் விமானம் ஏறி வந்து, கையுறை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றையும் விளிம்பில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஒவ்வொரு பயணத்துக்கும் நான்கே நான்கு பதக்கங்கள்தான் அச்சடிக்கப்பட்டன. கப்பலில் போகும் நால்வரும் ஆளுக்கொன்றைத் தங்கள் விண்ணுடையின் மார்புப் பையில் வைத்துக்கொண்டு நிலவுக்குப் போவார்கள். திரும்பி வந்த பிறகு அவரவர் பெயரைப் பின்புறத்தில் பொறித்து அவரவருக்கே கொடுத்துவிடுவார்கள். "பூமியிலேயே கெடந்தா அது வெள்ளி. போயிட்டு வந்தாத்தான் பதக்கம்" என்பாள் செலஸ்டினா.

ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துறைமுகத்தின் இந்தக் கரையில் நின்று பேசினால் அந்தக் கரையில் கேட்கும் குரல். உப்புக்காற்றில் வெள்ளி மூன்றே மாதத்தில் கறுத்துவிடும் என்பதால் காற்றுப் புகாத முப்பத்தொரு கண்ணாடிப் பெட்டிகளைச் சொல்லிச் செய்து வைத்திருந்தாள். இருபத்திரண்டு வருடங்கள் தேடி, எழுதி, பண்டமாற்றுச் செய்து, ஆட்களை நச்சரித்துச் சேர்த்தவை. பதினேழாம் பயணத்தின் பதக்கம் மட்டும் தேடாமலே வந்தது. அந்தப் பயணத்தின் பொறியாளர் திரவியம் இறந்து பத்து வருடம் கழித்து, அவர் மனைவி செண்பகவல்லி கோவில்பட்டியிலிருந்து பேருந்தில் வந்து அதைக் கொடுத்துவிட்டுப் போனாள். "வீட்டுல இருந்தா கண்ணு அதுலயே போகுதுக்கா. உங்ககிட்ட இருந்தா மரியாதையா இருக்கும்" என்றாள் அப்போது.

அந்தச் செண்பகவல்லி இரண்டு வருடம் கழித்து ஒரு ஜனவரி மாத முற்பகலில் மறுபடியும் ஐஸ் கம்பெனிக்கு வந்தாள். கூடவே முப்பது வயதுக்காரி ஒருத்தி. காயல்பட்டினத்துப் பெண், பெயர் ஹதீஜா, திருநெல்வேலியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி என்று செண்பகவல்லி அறிமுகப்படுத்தினாள்.

"அக்கா, உங்க பதினேழாம் பதக்கத்த நான் படிக்கணும்" என்றாள் ஹதீஜா.

"படிக்க அதுல என்ன இருக்கு? முன்னால ராக்கெட்டு, நிலா, தேதி. பின்னால அவரு பேரு. முடிஞ்சுது."

"எழுத்தச் சொல்லலக்கா. வெள்ளியச் சொல்லுதேன்."

ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் இரைச்சல் காதை அடைத்தது. செலஸ்டினா அவர்களை அலுவலக அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"சூரியன்ல இருந்து துகள் வந்துகிட்டே இருக்கும்க்கா. பூமியில நமக்கு மேல காத்து இருக்கு, அது தடுத்துரும். விண்வெளியில தடுக்க ஒண்ணுமில்ல. அந்தத் துகள் வந்து மோதுனா வெள்ளியில சில அணு மாறிப்போகும். நானூறு வருசம் ஆனாக்கூட அதுல பாதிதான் அழியும். எத்தன அணு மாறியிருக்கு, எந்தப் பக்கம் இருந்து அடி விழுந்திருக்குன்னு இப்ப எங்களால எண்ண முடியும். மூணு வருசத்துக்கு முன்னால வரைக்கும் யாராலயும் முடியாது."

"எண்ணிக்கோயேன். எண்ணிட்டுக் கொண்டாந்து குடுத்துரு."

ஹதீஜா ஒரு கணம் தயங்கினாள். "அமிலத்துல கரைச்சுத்தான்க்கா எண்ணணும். வெங்காயத்தோலவிட மெல்லிசா, ஒவ்வொரு அடுக்கா. பதினோரு நாள் ஆகும். கடைசியில பதக்கம் இருக்காது."

செலஸ்டினா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "ஏ பிள்ள, யாருகிட்ட என்ன கேக்கன்னு தெரிஞ்சுதான் கேக்கியா?"

"அவ கேக்கல. நான்தான் கேக்கேன்" என்றாள் செண்பகவல்லி.

செண்பகவல்லி கோவில்பட்டி மின்பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளர். அளந்து பேசுகிறவள். அன்றைக்கு அவள் பேசியதுபோல் செலஸ்டினா அதற்கு முன் கேட்டதில்லை.

பதினான்கு வருடங்களுக்கு முன்னால் பதினேழாம் பயணத்தின்போது சூரியப் புயல் ஒன்று கப்பலைத் தாக்கியது. கப்பலுக்குள் அதற்கென்றே தடித்த சுவரோடு ஒரு புயல் அறை உண்டு. நால்வரும் பத்தொன்பது மணி நேரம் அதற்குள் இருந்தார்கள். கதிர்வீச்சை அளக்கும் கருவி புயலின் முதல் நிமிடங்களிலேயே செத்துப்போயிற்று. அறை வேலை செய்தது, யாருக்கும் ஆபத்தில்லை என்று அறிக்கை வந்தது. இரண்டு வருடம் கழித்துத் திரவியம் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். நிறுவனத்தின் மருத்துவக் குழு, அது அவருடைய ரத்தத்தில் பிறவியிலேயே இருந்த குறை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது.

"அந்தக் காகிதம் என் மகளோட உடல்நலப் பதிவுலயும் ஏறிட்டுக்கா. பரம்பரை ரத்தக் குறைன்னு. விமானப் பயிற்சிக்கு எடுக்கல. ரெண்டு சம்பந்தம் வீடு வரைக்கும் வந்து திரும்பிப் போயிட்டு. சரி, அது எங்க வீட்டுப் பாடு. ஏப்ரல்ல முப்பத்திரண்டாம் பயணம். நாலு பேரு. அதே அறை. இந்தப் பதினாலு வருசமும் பெரிய புயல் வராம தப்பிச்சாங்க. இப்ப சூரியன் கொந்தளிக்கிற காலம்னு இவ சொல்லுதா. அறை சரியில்லன்னா அந்த நாலு பேருக்கும் தெரிய வேண்டாமா?"

"பதக்கம் சொல்லுமா அத?"

"அவரு மார்புமேல இருந்ததுக்கா. அவருக்கு விழுந்ததெல்லாம் அதுக்கும் விழுந்திருக்கும்."

பதினேழாம் பயணத்தின் நான்கு பதக்கங்களும் எங்கே இருக்கின்றன என்று செலஸ்டினாவுக்குத் தெரியும். அந்தப் பயணத்தில் போன வெளிநாட்டுக்காரர் இருவரில் ஒருவருடையது அவரோடு படகு மூழ்கிப் போனது. இன்னொருவருடையது ஓர் அருங்காட்சியகத்தில், யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். மூன்றாவது, பயணத் தலைவர் தாணுமாலயனிடம். அவர் அதை விற்றதும் இல்லை, ஒருவருக்கும் காட்டியதும் இல்லை. நான்காவது அவளுடைய கண்ணாடிப் பெட்டியில். அது போனால் வரிசை இனி எந்தக் காலத்திலும் முழுதாகாது.

அவள் யோசித்தது ஒரு டீ குடிக்கும் நேரம்தான்.

"ரெண்டு நாள் குடுங்க" என்றாள். "எடுத்துட்டுப் போறதுக்கு முன்னால படம் பிடிக்கணும்."

பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்து முன்புறம், பின்புறம், விளிம்பு என்று நாற்பது படங்கள் எடுத்தாள். அடக்கம் செய்யுமுன் குளிப்பாட்டுவதுபோல அவ்வளவு பொறுமையாகச் செய்தாள். பிறகு தானே திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் ஹதீஜாவின் கையில் கொடுத்தாள்.

விஷயம் வெளியே தெரிந்ததும் சர்வதேசப் பதக்கச் சேகரிப்பாளர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அரிய பொருளை அழித்தவர் என்று அவளை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தார்கள். செலஸ்டினா ஒரே வரியில் பதில் எழுதினாள்: "நான் சேர்த்தது மனிதர்கள் போய்வந்த அடையாளத்தை, அந்த மனிதர்களைப் பற்றி அது பேசப் போகிறது, கேட்கத் தைரியம் இருந்தால் காத்திருங்கள்."

பதினோராம் நாள் ஆய்வுக்கூடத்தில் மூவரும் கூடினார்கள். மேசைமேல் ஒரு புட்டியில் தண்ணீரைப் போலத் தெளிந்த திரவம். அவ்வளவுதான் மிச்சம். ஹதீஜாவின் முகத்தைப் பார்த்ததுமே செலஸ்டினாவுக்குப் புரிந்துவிட்டது.

"சாதாரணம்க்கா" என்றாள் ஹதீஜா. "மத்தப் பயணத்துப் பதக்கத்துல எவ்வளவு இருக்கணுமோ, அதவிடக் கொஞ்சம்தான் கூட. ரெண்டு பக்கமும் ஒரே அளவு. நாலு பக்கமும் நல்லாக் காப்பாத்தின எடத்துல இருந்திருக்கு."

செண்பகவல்லி புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அவங்க எழுதினது சரிதானா? அவரு ரத்தத்துலயேதான் இருந்ததா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "உங்க பதக்கத்தயும் பாழாக்கிட்டேன். மன்னிச்சுக்கோங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் கோவில்பட்டிப் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டாள். மறுநாளே ககனவழி நிறுவனம் அறிக்கை விட்டது: தனியார் ஆய்வு தங்கள் புயல் அறையின் தரத்தை உறுதிசெய்திருப்பதில் மகிழ்ச்சி.

'மகிழ்ச்சி' என்ற அந்தச் சொல்தான் செலஸ்டினாவைக் குத்தியது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து வந்ததும் மதியச் சாப்பாட்டைக்கூட ஒதுக்கிவிட்டு அந்த நாற்பது படங்களையும் திரையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அணுக்களைப் பற்றி அவளுக்குத் தெரியாது. பதக்கங்களைப் பற்றித் தெரியும்.

பதினேழாம் பயணத்துக்குப் பதக்கம் அடித்தபோது அச்சில் விரிசல் விட்டிருந்தது. அச்சில் விரிசல் விழுந்தால் வெள்ளியில் மயிரிழைபோல ஒரு மேடான கோடு எழும். ஒவ்வொரு அடிக்கும் விரிசல் நீளும். ஆகவே ஒவ்வொரு பதக்கத்திலும் கோடு முந்தியதைவிடக் கொஞ்சம் நீளம். நான்கு பதக்கங்கள், நான்கு நீளம். அவள் கரைக்கக் கொடுத்ததில் கோடு ராக்கெட்டின் வால்சிறகோடு நின்றிருந்தது. அவ்வளவு சிறிய கோடு. முதலில் அடித்த பதக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

புறப்படும் நாளன்று நால்வரும் ஆளுக்கொரு பதக்கத்தை உயர்த்திப் பிடித்து நிற்கும் புகைப்படம் செய்தித்தாள் காப்பகத்தில் மூலப் பதிவாகவே இருந்தது. அவள் அதைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். திரவியத்தின் விரல்களுக்கு நடுவே இருந்த பதக்கத்தில் கோடு வால்சிறகைத் தாண்டி, நிலவைத் தாண்டி, விளிம்புவரை ஓடியிருந்தது. கடைசியாக அடித்த பதக்கம் அது. கோடு வால்சிறகோடு நின்ற பதக்கம் தலைவர் தாணுமாலயனின் கையில் இருந்தது.

செலஸ்டினா கோவில்பட்டிக்குப் போன் போட்டாள்.

"செண்பகம், நாம கரைச்சது உங்க வீட்டுக்காரரோடது இல்ல."

"என்னக்கா சொல்லுதிய? பேரு பொறிச்சிருந்ததே?"

"பேரு வந்த பொறவு பொறிச்சது. அவரு கொண்டுபோனது வேற. நாளைக்குக் காலையில நாகர்கோவில் வண்டியில ஏறுங்க. நான் வள்ளியூர்ல வந்து சேந்துக்கிடுதேன்."

தாணுமாலயனுக்கு அறுபதை நெருங்கும் வயது. ககனவழியில் இப்போது பயிற்சித் தலைவர். முப்பத்திரண்டாம் பயணத்தின் நால்வரையும் தயார்செய்தவர் அவர்தான். விடுமுறைக்கு நாகர்கோவில் வீட்டுக்கு வந்திருந்தார். செண்பகவல்லியைக் கதவருகே பார்த்ததும் அவர் முகம் மாறியதைச் செலஸ்டினா கவனித்தாள்.

"வாங்க. உக்காருங்க" என்றார். செலஸ்டினாவிடம் திரும்பி, "நீங்க எழுதின ஒம்பது கடுதாசியும் வந்தது கேட்டியளா. நான் அத விக்கமாட்டேன்."

"வாங்க வரல சார். கரைக்க வந்திருக்கேன்."

செலஸ்டினா கரைத்த பதக்கத்தின் படத்தையும் புறப்பட்ட நாளின் படத்தையும் மேசையில் அருகருகே வைத்தாள். விரிசல் கோடுகளை விரலால் காட்டினாள். நீட்டி விளக்க வேண்டிய தேவையே வரவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

எந்தச் சேகரிப்பாளரும் பதறிப்போகும் நிலையில் இருந்தது அது. பதினான்கு வருடமாகச் சட்டைப் பையிலேயே கிடந்து, விரல்பட்டு விரல்பட்டு, ராக்கெட்டும் நிலவும் மழுங்கிச் சப்பையாகியிருந்தன. விளிம்பருகே மட்டும் கோட்டின் கடைசி முனை தட்டுப்பட்டது.

"பேரு பொறிக்கக் குடுக்கையில நான்தான் மாத்திக் குடுத்தேன்" என்றார் தாணுமாலயன். "எதையும் மறைக்கணும்னு இல்ல. வெள்ளி பேசும்னு அன்னிக்கு எவனுக்குத் தெரியும்? அவன் எனக்குப் பதிலா வாங்கிக்கிட்டத நான் கூடவே வச்சிருக்கணும்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

"எதப் பதிலா வாங்கிக்கிட்டாரு?" என்றாள் செண்பகவல்லி.

அவர் உட்கார்ந்தார். அவளைப் பார்க்காமல் தொடங்கியவர், நடுவில் நிமிர்ந்து அவளைப் பார்த்தே பேசினார்.

"அன்னிக்குக் காலையில இருந்தே கப்பல்ல காத்து கசிஞ்சுக்கிட்டிருந்தது. அதனால நாலு பேரும் விண்ணுடையிலதான் இருந்தோம், கழட்ட முடியாது. புயல் மணி அடிச்சதும் அறைக்குள்ள போனோம். கதவு மூடல. அறைய அளந்தவங்க சாதா உடையில ஆளை உக்கார வச்சு அளந்திருக்காங்க. முழு உடையில மூணு பேருதான் அடங்கும். நாலாவது ஆளு உக்காந்தா கதவு ஒரு சாண் தொறந்தே நிக்கும். அந்த எடைவெளிக்கு முதுகக் காட்டிக்கிட்டு ஒருத்தன் உக்காரணும். அஞ்சு மணி நேரத்துக்கு ஒருத்தன்னு முறை வச்சேன். முதல்ல நான்னு திரவியம் உக்காந்தான்."

"அப்புறம்?"

"மத்த ரெண்டு பேரும் வாந்தி நிக்க உடையிலயே இருக்க ஊசியப் போட்டு மயங்கிட்டாங்க. அடுத்த முறை எனக்கு." அவர் குரல் தடுமாறவில்லை; பல வருடம் தனக்குள் சொல்லிப் பழகிய வாக்கியமாக அது வந்தது. "அஞ்சு மணி நேரம் ஆனது எனக்குத் தெரியும். நான் முழிச்சுத்தான் இருந்தேன். கண்ண மூடிக்கிட்டேன். அவன் எழுப்பினா எந்திரிக்கலாம்னு நெனச்சேன். அவன் எழுப்பல. பத்தொம்பது மணி நேரமும் எழுப்பல."

செண்பகவல்லியின் கைகள் மடியில் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்தன.

"வந்தப்புறம் ரெண்டு வருசம் என்கூட இருந்தாரு. ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா என்னையும் சேத்துச் சொல்லணும்லா. அவன் சொல்லமாட்டான்."

"அறிக்கையில கதவு மூடியிருந்ததுன்னு எழுதியிருக்கு."

"அத நிறுவனத்துலதான் எழுதிக் குடுத்தாங்க. கையெழுத்து நான் போட்டேன். கதவுதான் மூடலன்னா, பொறவு யாரு எங்க உக்காந்தான்னு அடுத்த கேள்வி வரும். அதுக்குப் பயந்து போட்டேன். அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு குழுவுக்கும் அறை பத்திரம்னு சொல்லிக் குடுத்திருக்கேன். ஒவ்வொரு பயணமும் திரும்பி வர்ற வரைக்கும் ஒழுங்காச் சோறு எறங்கினது இல்ல."

செலஸ்டினா தலையிட்டாள். அவளுக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் ஏப்ரல் மாதத்துக்கு ஒன்பது வாரம்தான் இருந்தது. "சார், நீங்க சோறு திங்காம இருந்ததால ஒருத்தரும் பிழைக்கல. வானம் சும்மா இருந்ததால பிழைச்சாங்க. இத ஹதீஜாகிட்ட கொண்டு போறேன். நீங்க வாயத் தொறந்து பேசுவியளா, மாட்டியளா?"

"வெறும் வாயால சொன்னா நம்பமாட்டாங்க. வயசானவன், புத்தி தடுமாறிட்டும்பாங்க."

"அதுக்குத்தான் வெள்ளி இருக்கே."

அவர் பதக்கத்தைக் கடைசியாக ஒருமுறை எடுத்து, செலஸ்டினாவிடம் கொடுக்காமல், செண்பகவல்லியின் முன்னால் வைத்தார். அவள் அதைத் தொடக்கூட இல்லை. "எடுத்துக்கோங்கக்கா, நேரமாகுது" என்று செலஸ்டினாவிடம் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றாள்.

இரண்டாவது பதக்கம் கரையவும் பதினோரு நாள்தான் ஆயிற்று. ஆனால் நான்காம் நாளே ஹதீஜா போன் செய்துவிட்டாள். முதல் பதக்கத்தைப்போல நாற்பது மடங்கு. அதுவும் பின்புறமிருந்து, அதாவது, மார்புப் பையில் பதக்கத்தை வைத்திருந்தவரின் முதுகைத் துளைத்துக்கொண்டு வந்து அடித்திருக்கிறது. "அவரு உடம்பு கொஞ்சம் தடுத்திருக்குக்கா. தடுத்தும் இவ்வளவு" என்றாள். முதல் பதக்கமும் வீண்போகவில்லை. அறையின் உள்ளே ஒருவருக்கு எவ்வளவு விழுந்தது, கதவருகே ஒருவருக்கு எவ்வளவு விழுந்தது என்று ஒன்றுக்கொன்று சாட்சியாக இரண்டும் நின்றன. பதக்கத்தை அணு உலையில் வைத்துப் பொய்யாகத் தயாரித்திருக்கலாம் என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் சொல்லிப் பார்த்தார். உலையில் வைத்தால் அடி எல்லாப் பக்கமும் விழும், ஒரு மனிதனின் முதுகு அதற்கு எப்படிக் கிடைக்கும் என்று ஹதீஜா கேட்டாள். அவர் அந்த வாதத்தைக் கைவிட்டார்.

மார்ச் மாதம் மூன்றாம் வாரத்தில் இதற்கென அரசு அமைத்த விசாரணைக் குழு ககனவழியின் பயிற்சிக் கொட்டகையில் கூடியது. முப்பத்திரண்டாம் பயணத்துக் கப்பலின் புயல் அறையை அச்சு அசலாக அங்கே நிறுத்தியிருந்தார்கள். தாணுமாலயன் நாகர்கோவிலில் சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் குழுவின் முன்னால் சொல்லி முடித்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டதையும் சொன்னார். நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மட்டும் கணக்குப்படி கதவு மூடியே தீரும் என்று நின்றார்.

"கணக்கு வேண்டாம். நாலு பேர உள்ள அனுப்புங்க. முழு உடையில" என்றார் குழுவின் தலைவியான நீதிபதி.

முப்பத்திரண்டாம் பயணத்தின் மூவர் விண்ணுடை அணிந்து உள்ளே போய் உட்கார்ந்தார்கள். நான்காமவர் தலைக்கவசத்தை எடுக்கும்போது செண்பகவல்லி எழுந்தாள்.

"அம்மா, நான் போகட்டுமா?"

நீதிபதி பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் தோளைக் குலுக்கினார். திரவியமும் அவளும் ஏறக்குறைய ஒரே உயரம். உடை மாட்டிவிட இருபது நிமிடம் ஆனது. பணிமனையில் பேருந்துக்கு அடியில் படுத்து எழுந்து பழகியவள். அந்தக் கனத்த உடையிலும் நிதானமாகக் குனிந்து, முதுகை வெளிப்பக்கம் வைத்து, மூவரின் முழங்கால்களுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"கதவ மூடுங்க" என்று ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது.

கதவு நகர்ந்து வந்தது. அவள் முதுகில் இருந்த காற்றுப் பெட்டியில் முட்டி நின்றது. இயந்திரம் முனகியது, மறுபடியும் தள்ளியது, மறுபடியும் முட்டியது. ஒரு பணியாளர் போய் இடைவெளியை அளந்தார். அவர் அளவைச் சொல்வதற்குள்ளாகவே தலைமைப் பொறியாளர் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் வெறும் கண்ணால் பார்க்கும்படி ஒரு சாண் வெளிச்சம் அந்த வழியாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

நீதிபதி அங்கேயே, நின்றபடியே உத்தரவை எழுதினார். அறையை மாற்றிக் கட்டி, இதே முறையில் சோதித்துக் காட்டும்வரை எந்தப் பயணமும் கிடையாது. திரவியத்தின் மருத்துவ அறிக்கை செல்லாது. அவர் மகளின் பதிவிலிருந்தும் அது நீக்கப்பட வேண்டும். உள்ளே இருந்த மூவரில் இளையவள் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்தவளின் கையுறை அணிந்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

செலஸ்டினா மோத்தா கொட்டகையின் ஓரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ஐஸ் கம்பெனியில் நல்ல சரக்கு ஏறும் நாளில் நிற்பதுபோல நின்றாள். பக்கத்தில் தாணுமாலயன்.

உத்தரவு வாசித்து முடித்த பிறகும் செண்பகவல்லி வெளியே வரவில்லை. ஒலிபெருக்கி இன்னும் இயங்கிக்கொண்டிருந்தது.

"செண்பகம், போதும், எந்திரிங்க" என்றாள் செலஸ்டினா.

"வாரேன்க்கா. ஒரு நிமிசம்." மூச்சுச் சத்தம் கேட்டது. "உள்ள எரியுற இந்த விளக்கு புயல் சமயத்துல அணைஞ்சிருமா?"

"அணையாது" என்றார் பணியாளர். "அதுக்கு சுவிட்சே கிடையாது."

"அப்ப சரி. கமாண்டர் சார் இருக்காருல்லா? அவருகிட்டச் சொல்லுங்க. இங்க உக்காந்தா மூணு பேரு முகமும் நல்லாத் தெரியுது. கண்ணாடிக்குள்ள இமை அசையிறதுகூடத் தெரியுது. அவரு முழிச்சிருந்தது எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு."

தாணுமாலயன் நேராக நடந்து போய், கதவின் இடைவெளியில் கையை நீட்டி, அவள் எழுந்துகொள்வதற்குப் பிடி கொடுத்தார்.